தெரிந்தவர் மெயிலும் ஸ்பேமுக்குப் போகிறது: அனுப்புபவரின் பழைய வரலாற்றை ஃபில்டரில் சேர்ப்பது சரிவருமா?

நூல்கடை_அட்மின் எழுதியது:

வணக்கம். சின்ன ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் மெயில் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துத் தரும் டவ்காட், ஒவ்வொரு மெயிலுக்கும் ஸ்கோர் போட்டு 5 வந்தால் ஸ்பேம் என்று சொல்லும் ஸ்பேம்அசாசின், எல்லாம் ஒரே மெஷினில். பயன்படுத்துபவர்கள் அறுபது எழுபது பேர்தான், ஆனால் ஒருவருக்கு ஒரு ஆர்டர் மெயில் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போய்விட்டால் முதலாளி வரைக்கும் சத்தம் போகும்.

பல வருடமாக நமக்கு எழுதிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர், வழக்கமான ஆள், ஒரு நாள் தலைப்பில் எல்லாம் பெரிய எழுத்தில் போட்டு, பெரிய படத்தை ஒட்டி, நான்கு லிங்க் வைத்து அனுப்பினால் ஸ்கோர் 5ஐத் தாண்டிவிடுகிறது. அதே நேரம் பரிசு விழுந்திருக்கிறது என்கிற குப்பை 4.6 எடுத்து இன்பாக்ஸுக்குள் வந்து உட்காருகிறது. மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், இந்த ஆள் இதுவரை நமக்கு என்ன அனுப்பியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது தீருமே என்று தோன்றியது. தேடியபோது ஸ்பேம்அசாசினிலேயே ஏடபிள்யூஎல் (ஆட்டோ ஒயிட்லிஸ்ட்) என்று, அனுப்புபவரின் பழைய ஸ்கோரைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு பிளக்இன் இருப்பதைப் பார்த்து அதை ஆன் செய்தேன். கொஞ்ச நாள் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அப்புறம் நமக்கு நூல் சப்ளை செய்யும் ஒருவரின் மெயில் பாஸ்வேர்டை யாரோ திருடி, அவர் கணக்கிலிருந்தே எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் குப்பையாக அனுப்பித் தள்ளினார்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார், பிரச்சினை முடிந்தது. ஆனால் இப்போது அவருடைய உண்மையான மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது. லாகில் பார்த்தால் மற்ற எந்த விதியும் பெரிதாக அடிக்கவில்லை, ஏடபிள்யூஎல் மட்டும் இரண்டு மூன்று புள்ளி ஏற்றிவிடுகிறது.

இந்த யோசனையே தப்பா, இல்லை செயல்படுத்திய விதம் தப்பா? பழைய மெயில்பெட்டிகள் எல்லாம் கையில் இருக்கின்றன, லாகும் இருக்கிறது. நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு முகவரிக்கும் நல்லது எத்தனை, கெட்டது எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன்.

வரிசை_காலி எழுதியது:

யோசனை தப்பில்லை. ஏடபிள்யூஎல் என்ன கணக்குப் போடுகிறது என்று தெரிந்தால் உங்கள் சப்ளையருக்கு நடந்தது புரிந்துவிடும்.

அது ஒரு வெறும் சராசரி. அந்த முகவரியும், அது வந்த ஐபியின் முதல் இரண்டு பகுதியும் சேர்ந்ததுதான் சாவி. அந்தச் சாவிக்கு இதுவரை வந்த மெயில்களின் ஸ்கோரைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து வைத்திருக்கும். புது மெயில் வந்ததும் அதன் ஸ்கோரை அந்தச் சராசரியை நோக்கிப் பாதி தூரம் இழுக்கும். அந்தப் பாதி என்பது ஃபேக்டர் என்கிற அமைப்பு, இயல்பாக 0.5. ஒருவரின் பழைய சராசரி -1 என்று வையுங்கள், இன்று 7 எடுக்கிற மாதிரி ஒன்றை அனுப்புகிறார். -1க்கும் 7க்கும் நடுவில் 3. ஸ்பேம் எல்லை 5 என்பதால் தப்பித்துவிடுவார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது என்றீர்களே, அது இதுதான்.

இப்போது சப்ளையருக்கு வருவோம். கணக்குக்கு வசதியாக, முன்பு 60 மெயில் வந்திருக்கிறது, சராசரி பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்கிறேன். திருடன் 40 அனுப்பினான், ஒவ்வொன்றும் 18. மொத்தம் 720, நூறால் வகுத்தால் 7.2. இனி அவர் ஒழுங்காக எழுதி 3 மட்டும் எடுத்தாலும், 3க்கும் 7.2க்கும் நடுவில் 5.1. ஸ்பேம். திருடன் அவருடைய சர்வர் வழியாகவே அனுப்பியதால் ஐபியும் அதேதான், எனவே இரண்டு பேரும் ஒரே சாவியில் விழுந்துவிட்டார்கள். வெளியிலிருந்து யாரோ அவர் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தால் ஐபி வேறாகி, தனிக் கணக்காகப் போயிருக்கும்.

இதில் மோசமான விஷயம் ஏடபிள்யூஎல் மறக்காது என்பது. அந்த 7.2 பாதியாகி 3.6க்கு வர, சுத்தமாகப் பூஜ்ஜியம் எடுக்கிற மெயில் இன்னும் 100 வர வேண்டும். சப்ளையர் வாரத்துக்கு இரண்டு மெயில் போடுகிறவர் என்றால் ஒரு வருடம்.

உடனடி வைத்தியம், அந்த ஒரு முகவரியின் பதிவை அழித்துவிடுவது. ஸ்பேம்அசாசின் கட்டளையிலேயே ஒரு குறிப்பிட்ட முகவரியை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க ஆப்ஷன் இருக்கிறது, மேனுவல் பக்கத்தில் பாருங்கள், 4.0ல் ஆப்ஷன் பெயர்கள் மாறியிருக்கின்றன. மெயிலையே உள்ளே கொடுத்து நீக்கும் வழியும் உண்டு, அதைத் தொடாதீர்கள், அந்த மெயிலில் இருக்கும் எல்லா முகவரியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், உங்கள் அலுவலக முகவரி உட்பட.

பழைய_போஸ்ட்ஃபிக்ஸ் எழுதியது:

ஏடபிள்யூஎல்-ஐ 3.3 வெளியீட்டிலேயே, அதாவது 2010லேயே, இயல்பாக ஆஃப் செய்துவிட்டார்கள். காரணம் இல்லாமல் செய்வார்களா? அணைத்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ஸ்பாம்ஹவுஸின் ஜென் லிஸ்ட்டை (கெட்ட ஐபிகளின் பிளாக்லிஸ்ட்) போடுங்கள், முன்னால் போஸ்ட்கிரே (புதிய சர்வரைக் கொஞ்சம் கழித்து வரச் சொல்லும் கிரேலிஸ்டிங்) வையுங்கள், ஸ்பேம்அசாசினில் வார்த்தைகளை வைத்துக் கற்றுக்கொள்ளும் பேயஸுக்கு நன்றாகப் பயிற்சி கொடுங்கள். எழுபது பேர் அலுவலகத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அந்த நாலைந்து பெரிய வாடிக்கையாளரைக் கையாலேயே அனுமதிப் பட்டியலில் போட்டுவிட்டால் முதலாளி சத்தமும் நின்றுவிடும்.

கையொப்பம்_எங்கே எழுதியது:

பழைய_போஸ்ட்ஃபிக்ஸ் அண்ணன் சொல்வதில் ஒரு வேடிக்கை. பிளாக்லிஸ்ட் என்பதே அனுப்புபவரின் வரலாறுதான், ஊரெல்லாம் சேர்ந்து எழுதிய வரலாறு. கிரேலிஸ்டிங்கும் அப்படித்தான். போஸ்ட்கிரே முதல் முறை வருபவரை 300 வினாடி கழித்து வரச் சொல்கிறது, 5 முறை ஒழுங்காகத் திரும்பி வந்த சர்வரை அதற்குப் பிறகு கேள்வி கேட்காமல் விடுகிறது, 35 நாள் ஆளைக் காணோம் என்றால் மறந்துவிடுகிறது. வரலாறே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாறு பார்க்கிற இரண்டு கருவியைச் சிபாரிசு செய்திருக்கிறார் :) ஆனால் போஸ்ட்கிரேயின் அந்த மறதியைக் கவனியுங்கள், ஏடபிள்யூஎல்-இல் இல்லாதது அதுதான்.

கேட்டவருக்கு: எண்ணிக்கையை எப்படி வைப்பது என்பதற்கு முன்னால், யாருடைய எண்ணிக்கையை வைக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஃப்ரம் வரியில் இருக்கும் முகவரி யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. அதை வைத்து மட்டும் நல்ல பெயர் சேர்த்தால், உங்கள் வாடிக்கையாளரின் பெயரைப் போட்டு வருகிறவனுக்கு அந்த நல்ல பெயரைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். ஐபியைச் சேர்த்தால் ஓரளவு சரியாகும், ஆனால் இன்றைக்கு யார் சொந்த ஐபியிலிருந்து அனுப்புகிறார்கள்? பாதிப் பேர் கூகுளிலும் மைக்ரோசாஃப்டிலும் மெயில் வைத்திருக்கிறார்கள், ஐபி ஊருக்கே பொது. நியூஸ்லெட்டர் கம்பெனிகளும் அப்படியே, ஒரே ஐபியில் நல்லவனும் கெட்டவனும் பக்கத்துப் பக்கத்தில்.

அதனால் உறுதிசெய்யப்பட்ட அடையாளம்தான் சாவியாக இருக்க வேண்டும். மெயிலில் டிகிம் கையொப்பம் (அனுப்பும் டொமைன் போடும் டிஜிட்டல் கையொப்பம்) சரியாக இருந்தால் கையொப்பமிட்ட டொமைன், இல்லாவிட்டால் எஸ்பிஎஃப் (தன் பெயரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்று டொமைன் வெளியிடும் பதிவு) பாஸான டொமைன், இரண்டும் இல்லையென்றால் அப்போது மட்டும் ஐபி. இதை ஜிமெயில் ஆட்கள் வெகு முன்னாலேயே செய்துவிட்டார்கள். கூகுளின் பிராட்லி டெய்லர் 2006ல் சியாஸ் என்கிற மெயில், ஸ்பேம் ஆய்வு மாநாட்டில் கொடுத்த கட்டுரை இதைப் பற்றியதுதான்: எஸ்பிஎஃப் அல்லது கையொப்பம் வழியாக டொமைனை உறுதிசெய்துகொண்டு, பயனர்கள் ஸ்பேம் என்றும் ஸ்பேம் இல்லை என்றும் அழுத்துவதை வைத்து அந்த டொமைனுக்கு மதிப்பு போடுவது. அன்றைக்குக் கையொப்பமே போடாதவர்கள்தான் அதிகம். இன்று அந்தச் சாக்கு இல்லை, 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முதல் இரண்டும் ஃப்ரம் டொமைனோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று டொமைன் சொல்லும் கொள்கை) மூன்றுமே கட்டாயம். பெரியவர்கள் கட்டாயப்படுத்தியதன் பலன் நம்மைப் போன்ற சின்ன சர்வர்களுக்கும் வருகிறது, உள்ளே வரும் மெயிலில் நம்பகமான அடையாளம் இப்போது நிறையக் கிடைக்கிறது.

டொமைன் அளவு கணக்கு ஜிமெயில் டாட் காம் போன்ற இலவச டொமைன்களுக்குப் பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே முழு முகவரிதான் சாவி. கையொப்பம் சரியாக இருந்தால் அந்த முகவரி பொய்யில்லை என்று நம்பலாம்.

இதை எல்லாம் நீங்களே எழுத வேண்டியதில்லை. ஏடபிள்யூஎல்-க்குப் பதிலாக டிஎக்ஸ்ரெப் என்று ஒரு பிளக்இன் ஸ்பேம்அசாசின் 3.4 வரிசையிலேயே வந்துவிட்டது, இயல்பாக ஆஃபில் இருக்கும். அது ஒரே கணக்கு வைக்காமல் ஐந்து கணக்கு வைக்கிறது: முகவரியும் ஐபியும் சேர்ந்தது, முகவரி மட்டும், டொமைன், ஐபி, ஹெலோ பெயர் (இணையும்போது சர்வர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்). எடை முறையே 10, 3, 2, 4, 0.5. டிகிம் சரியாக இருந்தாலோ எஸ்பிஎஃப் பாஸானாலோ ஐபியைச் சேர்க்காமல் அந்த அடையாளத்தையே நம்புகிறது. அப்புறம், மறக்கவும் செய்கிறது. ஒவ்வொரு புது மெயிலுக்கும் பழைய கணக்கை 0.98ஆல் பெருக்கி நீர்த்துப்போக விடுகிறது, கிட்டத்தட்ட 34 மெயிலில் பழைய எடை பாதியாகிவிடும். வரிசை_காலி சொன்ன நூறு மெயில் கதை இங்கே நடக்காது. ஏடபிள்யூஎல்-ஐ நிறுத்திவிட்டுத்தான் இதை ஆன் செய்ய வேண்டும், இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள்.

ஒரு ஓட்டை மட்டும் உண்டு. சில டொமைன்களில் எஸ்பிஎஃப் பதிவின் கடைசியில் பிளஸ் ஆல் என்று போட்டு, உலகத்தில் யார் அனுப்பினாலும் பாஸ் என்று திறந்துவிட்டிருப்பார்கள். அவர்களுக்கு எஸ்பிஎஃப் பாஸ் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

நூல்கடை_அட்மின் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முகவரியை நீக்கிவிட்டேன், சப்ளையர் மெயில் ஒழுங்காக வருகிறது. டிஎக்ஸ்ரெப்பை ஒரு டெஸ்ட் மெஷினில் போட்டுப் பார்க்கிறேன்.

கையால் அனுமதிப் பட்டியல் போடுவது எங்களுக்கு ஒத்துவராது அண்ணா, அந்த ஃபைலில் யார் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று இப்போதே யாருக்கும் தெரியாது. போன வருடம் மூடிப்போன கம்பெனியின் டொமைன்கூட அதில் கிடக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. டிஎக்ஸ்ரெப் வெறுமையாக ஆரம்பிக்கிறது, அது கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டுமா, இல்லை பழைய மெயில்பெட்டிகளை ஊட்டிவிடலாமா? இரண்டாவது, எங்கள் ஆட்கள் ஜங்க் பட்டனை டிலீட் பட்டன் மாதிரி பயன்படுத்துகிறார்கள். தாங்களே பதிவு செய்துகொண்ட பருத்தி விலை நிலவர மெயிலைக்கூட, படிக்க நேரமில்லை என்றால் ஜங்க்கில் தள்ளிவிடுகிறார்கள். இதை நம்பி ஒருவரின் பெயரைக் கெடுக்கலாமா?

லாக்_படிப்பவள் எழுதியது:

பழையதை ஊட்டலாம், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு வருடம் முன் வந்த மெயிலின் டிகிம் கையொப்பத்தை இன்று சரிபார்த்தால் பல இடங்களில் தோற்கும், ஏனென்றால் கையொப்பத்தின் சாவியை மாற்றியிருப்பார்கள், பழைய சாவி அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவில் இருக்காது. எஸ்பிஎஃப்பும் அதே, இன்றைய பதிவை வைத்து அன்றைய ஐபியைச் சோதிக்கிறீர்கள். நல்ல வாடிக்கையாளரின் பழைய மெயில் எல்லாம் உறுதிசெய்யப்படாதது என்கிற கணக்கில் போய்ச் சேரும், இன்று வருகிற கையொப்பமிட்ட மெயிலுக்கு அந்த வரலாறு உதவாது. பிளக்இன் வழியாக ஊட்டுவதாக இருந்தால் சமீபத்திய சில மாதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் எழுதியே தீருவேன் என்றால், மெயில் வந்த அன்றே உங்கள் சர்வர் எழுதி வைத்த ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ் ஹெடரை (எஸ்பிஎஃப், டிகிம் சோதனையின் முடிவு) படியுங்கள், மறுபடி சோதிக்காதீர்கள். வெளியார் எழுதி அனுப்பிய அதே பெயர் ஹெடரும் மெயிலில் இருக்கலாம், உங்கள் சர்வரின் பெயர் போட்டதை மட்டும் எடுங்கள்.

ஜங்க் பட்டன் விஷயம். ஸ்பேம்அசாசினுக்குப் பயிற்சி தரும் எஸ்ஏ-லேர்ன் கட்டளை மூலம் ஒரு மெயிலை ஸ்பேம் என்று சொன்னால் டிஎக்ஸ்ரெப் அந்த அனுப்புநருக்கு 20 புள்ளி தண்டனை போடுகிறது, ஹேம் (நல்ல மெயில்) என்றால் 20 புள்ளி சலுகை. ஏடபிள்யூஎல் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இது நல்ல வசதி, ஆனால் உங்கள் ஆட்கள் மாதிரி கை வேகம் உள்ளவர்களிடம் 20 என்பது ஆபத்து. நானாக இருந்தால் அந்த எண்ணை 5 போலக் குறைப்பேன், ஒரே அனுப்புநரை இரண்டு மூன்று வெவ்வேறு ஆட்கள் ஜங்க் என்று சொன்னால்தான் பயிற்சிக்கு அனுப்புவேன். மெயிலில் லிஸ்ட் அன்சப்ஸ்கிரைப் ஹெடரும் சரியான கையொப்பமும் இருந்தால், அது நியூஸ்லெட்டர், அந்த ஒருவருடைய பெட்டியில் மட்டும் அதைத் தள்ளிவைக்க ஒரு சீவ் விதி (பெட்டிக்குள் மெயிலைப் பிரித்துப் போடும் விதி) போதும், அலுவலகம் முழுவதற்கும் அந்த டொமைனைக் கெட்டவனாக்க வேண்டியதில்லை.

இதைவிட நம்பகமான ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே வருகிற மெயிலைவிட வெளியே போகிற மெயில்தான் நல்ல சாட்சி. உங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்து டைப் செய்து ஒரு முகவரிக்கு எழுதினார் என்றால், அந்த முகவரியிலிருந்து வரும் பதில் அவருக்கு வேண்டியதுதான். ஸ்பேம் அனுப்புகிறவன் எத்தனை மெயில் வேண்டுமானாலும் நல்ல பிள்ளையாக அனுப்பிப் பெயர் சேர்க்கலாம், உங்கள் ஆட்களைத் தனக்கு எழுத வைப்பது கஷ்டம். டிஎக்ஸ்ரெப் இதையும் செய்கிறது, உள் நெட்வொர்க்கிலிருந்து நீங்கள் யாருக்கு அனுப்பினாலும் அந்த முகவரிக்கு இயல்பாக 10 புள்ளி நல்ல பெயர் சேரும். இது வேலை செய்ய, வெளியே போகிற மெயிலும் ஸ்பேம்அசாசின் வழியாகப் போக வேண்டும், பல இடங்களில் உள்ளே வருவதை மட்டும்தான் அதன் வழியாக விடுகிறார்கள், அதைப் பாருங்கள். உள் நெட்வொர்க் எது என்பதும் கான்ஃபிகில் சரியாக இருக்க வேண்டும்.

ஸ்பேம்அசாசினுக்கு மாற்றான ஆர்ஸ்பாம்டி பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அங்கே ரிப்ளைஸ் என்று ஒரு மாட்யூல். நீங்கள் அனுப்பிய மெயிலின் மெசேஜ் ஐடியை ரெடிஸ் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக வருவதை விட்டுவிடும். இயல்பாக ஒரு நாள்தான் நினைவு வைக்கும், ஏற்றுமதி வியாபாரத்தில் பதில் வர ஒரு வாரம் ஆகும், ஏற்றிக்கொள்ளுங்கள். ரெப்யுடேஷன் மாட்யூலும் தனியாக உண்டு, குறைந்தது இத்தனை மெயில் வந்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று அதற்கு ஒரு கீழ் எல்லை வைக்கலாம்.

அந்தக் கீழ் எல்லை விஷயம் உங்கள் ஸ்கிரிப்டுக்கும் முக்கியம். ஒரே ஒரு மெயில் அனுப்பி அது நல்லதாக இருந்தால் நூற்றுக்கு நூறு என்று போட்டுவிடாதீர்கள். நல்லதோடு 1, மொத்தத்தோடு 2 கூட்டி வகுங்கள். ஒரு மெயில்காரருக்கு மூன்றில் இரண்டு, ஐம்பதும் நல்லதாக அனுப்பியவருக்கு 52ல் 51, யாரென்றே தெரியாதவருக்கு சரிபாதி. எண்ணும்போது வரலாறு சேர்ப்பதற்கு முந்தைய ஸ்கோரை எண்ணுங்கள், இல்லையென்றால் போன வாரத் தீர்ப்பே இந்த வாரச் சாட்சியாகி, கெட்ட பெயர் எடுத்தவர் அதிலிருந்து வெளியே வரவே முடியாது.

சந்தேகப்_பிராணி எழுதியது:

எல்லோரும் தெரிந்தவரை உள்ளே விடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏற்றுமதி அலுவலகத்துக்கு வருகிற மெயிலில் பணத்தைக் கொண்டுபோவது தெரிந்தவர் பெயரில்தான் வரும். சப்ளையரின் கணக்கைத் திருடுகிறவன் எப்போதும் எல்லோருக்கும் குப்பை அனுப்புவதில்லை, இவருக்கு வாய்த்தவன் முட்டாள். புத்திசாலி என்ன செய்வான்? உள்ளே உட்கார்ந்து பழைய மெயில்களைப் படிப்பான், இன்வாய்ஸ் போகிற நேரம் பார்த்து, அதே தொடரில் பதில் போட்டு, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று ஒரே ஒரு மெயில் அனுப்புவான். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், வரலாறு பத்து வருடம், நாம் எழுதியதற்குப் பதில். மேலே சொன்ன அத்தனை கருவியும் சேர்ந்து அதற்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கும்.

வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எதைத் தொடலாம் என்பதற்கு வேலி போடுங்கள். தலைப்பில் பெரிய எழுத்து, படம் அதிகம், லிங்க் அதிகம், இந்த மாதிரி சந்தேகங்களை நல்ல வரலாறு மன்னிக்கட்டும். வைரஸ் இணைப்பு, பூட்டிய ஜிப், மேக்ரோ வைத்த எக்செல், இவற்றுக்கு மன்னிப்பு கிடையாது, யார் அனுப்பினாலும். கிளாம்ஏவி வைரஸ் சோதனையை ஸ்கோரோடு கலக்காமல் தனியாக, முன்னாலேயே வையுங்கள். ஃபேக்டரையும் 0.5லிருந்து 0.3 மாதிரி குறைக்கலாம், 18 எடுத்த ஒன்றை யாருடைய நல்ல பெயரும் காப்பாற்றக் கூடாது.

இதே வரலாற்றை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம், எனக்கு இதுதான் அதிகப் பயனாகத் தெரிகிறது: இந்த முகவரியிலிருந்து இதுவரை மெயில் வந்ததே இல்லை என்று மெயிலின் மேலே ஒரு வரி போடுவது. சப்ளையரின் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாற்றி, எம் இருக்கும் இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்து டொமைன் வாங்கி அனுப்புவான் பாருங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணக்குக்குத் தெரியும். பத்து வருடமாக எழுதுகிற ஆளின் மெயில் மேல் முதல் முறை என்று வரி வந்தால் கணக்காளர் ஒரு போன் போட்டுக் கேட்பார். மைக்ரோசாஃப்டின் மெயில் சேவையிலும் முதல் தொடர்பு எச்சரிக்கை என்று இது இருக்கிறது.

வங்கிக் கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும் பழைய போன் நம்பரில் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும், மெயிலில் இருக்கும் நம்பரில் இல்லை. இது ஃபில்டர் வேலை இல்லை, ஆனாலும் உங்கள் முதலாளி காதில் போட்டு வையுங்கள்.

பழைய_போஸ்ட்ஃபிக்ஸ் எழுதியது:

சரி சரி, வரலாறு வேண்டாம் என்று நான் சொன்னது இந்தப் பிளக்இனைத்தான். பிளாக்லிஸ்ட்டை நான் எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1997ல் பால் விக்ஸி ஆட்கள் ஆர்பிஎல் என்கிற பிளாக்லிஸ்ட்டை ஆரம்பித்த நாளிலிருந்து குப்பையில் பெரும்பகுதி வாசலிலேயே நிற்கிறது, ஸ்பேம்அசாசின் வரைக்கும் வருவதே மிச்சம்தான்.

கேட்டவர் ஸ்பாம்ஹவுஸைப் போடுவதாக இருந்தால் ஒன்று. சர்வர் தன் டிஎன்எஸ் கேள்விகளை 8.8.8.8 மாதிரி ஊரே பயன்படுத்தும் பொது ரிசால்வரிடம் கேட்டால் அவர்கள் பதில் தர மாட்டார்கள், 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறியீடு வரும். போஸ்ட்ஃபிக்ஸில் எந்தப் பதில் வந்தாலும் தள்ளு என்று எழுதி வைத்திருந்தால், அந்தப் பிழையையே பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உலகத்தில் இருக்கிற எல்லோரையும் வாசலில் நிறுத்திவிடும். அன்பவுண்ட் என்கிற ரிசால்வரைச் சொந்தமாக ஓடவிடுங்கள், ஜென்னுக்குப் பக்கத்தில் 127.0.0.2 முதல் 11 வரை வந்தால் மட்டும் தள்ளு என்று எழுதுங்கள். சந்தேகப்_பிராணி சொன்ன புது டொமைன்காரனுக்கும் ஸ்பாம்ஹவுஸில் தனி லிஸ்ட் இருக்கிறது, கடைசி 24 மணி நேரத்தில் முதல் முறையாகக் கண்ணில் பட்ட டொமைன்கள் அதில் வரும். வரலாறே இல்லாததும் ஒரு வரலாறுதான் என்று கையொப்பம்_எங்கே வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நூல்கடை_அட்மின் எழுதியது:

டிஎன்எஸ் பார்த்தேன், பொது ரிசால்வர்தான் இருந்தது. நல்ல வேளை ஜென் போடுவதற்கு முன்னால் சொன்னீர்கள். அன்பவுண்ட் ஓடுகிறது.

டிஎக்ஸ்ரெப் டெஸ்ட் மெஷினில் ஆன், சமீபத்திய மெயில்களை மட்டும் ஊட்டினேன், தண்டனையை 5க்குக் குறைத்தேன், வெளியே போகிற மெயிலையும் அதன் வழியாகத் திருப்பியிருக்கிறேன். ஃபேக்டர் 0.3. முதல் முறை வருபவர் என்கிற வரியைச் சேர்க்க கணக்குப் பிரிவு அக்கா உடனே சரி என்றார், விற்பனைப் பிரிவு மட்டும் எங்களுக்கு வருவதெல்லாம் புதியவர்கள்தான், எல்லா மெயிலிலும் அந்த வரி வந்தால் யார் பார்ப்பார்கள் என்கிறார்கள். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

லாக்_படிப்பவள் எழுதியது:

விற்பனைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கணக்குப் பிரிவுக்கும் முதலாளிக்கும் மட்டும் போதும். அல்லது வரியை எல்லாப் புதியவருக்கும் போடாமல், ஏற்கெனவே தெரிந்த ஒரு டொமைனுக்கு ஓரிரண்டு எழுத்து மட்டும் வித்தியாசம் உள்ள புதியவருக்கு மட்டும் போடுங்கள். அதற்கு நீங்கள் ஆசைப்பட்ட ஸ்கிரிப்டை எழுதலாம், தெரிந்த டொமைன் பட்டியல் சில நூறுதான் இருக்கும், ஒவ்வொன்றோடும் ஒப்பிட நேரமே ஆகாது. ஒப்பிடும் முன் ஆர், என் சேர்ந்து வந்தால் எம் ஆக்குவது, பூஜ்ஜியத்தை ஓ ஆக்குவது, ஒன்றை எல் ஆக்குவது, இவற்றைச் செய்துவிடுங்கள்.

டெஸ்ட் மெஷினில் முதலில் ஸ்கோரை மட்டும் எழுதச் சொல்லுங்கள், எதையும் நகர்த்த வேண்டாம். டிஎக்ஸ்ரெப் சேர்த்த புள்ளி லாகில் தனியாகத் தெரியும். அதனால் 5ஐத் தாண்டியவை, அதனால் 5க்குக் கீழே இறங்கியவை, இந்த இரண்டு கூட்டத்தை மட்டும் எடுத்துக் கண்ணால் பாருங்கள். இறங்கியவை எல்லாம் நல்ல மெயிலாக இருந்தால் பெரிய சர்வரில் போடலாம். தாண்டியவற்றில் ஒரு நல்ல மெயில் இருந்தால்கூட அது யாருடையது, எந்தச் சாவியில் கெட்ட பெயர் வந்தது என்று தேடிவிட்டுப் போடுங்கள்.